கொரியக் கதைகளின் ஊரைத் தாளில் வரைவது எப்படி

கொரியக் கதையொன்றை மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது, அது நடக்கும் இடம் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த விளக்குத் தெருவாகவே மனத்தில் எழுகிறது. அந்தப் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கதை சியோலில் நடக்கிறதென்றால், தாளின் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அதுதான் ஹான் ஆறு. கோட்டுக்கு வடக்கே பழைய அரண்மனைகளும் 1396-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை மதிலும் இருக்கின்றன. தெற்கே, 1970-களில் வயல்களின்மேல் எழத் தொடங்கிய கங்னம் இருக்கிறது. அப்பெயருக்கே ‘ஆற்றுக்குத் தெற்கு’ என்றுதான் பொருள். ஒரு கதாபாத்திரம் பாலத்தைக் கடந்தால் அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பல கதைகளில் அங்கே வசதியும் வாழ்நிலையும் மாறிவிடுகின்றன.

அடுத்து, ஊர்ப்பெயர்களின் வாலைக் கவனியுங்கள். ‘தோ’ என்று முடிந்தால் மாகாணம், ‘சி’ என்றால் நகரம், ‘கு’ என்றால் நகரத்துக்குள் ஒரு வட்டம், ‘ரி’ என்றால் சிற்றூர். ‘தோங்’ என்பது பேட்டை. ஆனால் அதற்கு முன்னால் பெயரின்றி வெறும் எண் மட்டும் வந்தால் அது அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம். ‘103-தோங், 1502-ஹோ’ என்பதைப் பேட்டையாக எண்ணி நான் வெகுநேரம் வரைபடத்தில் தேடியிருக்கிறேன். அது 103-ஆம் கட்டடத்தின் பதினைந்தாவது தளத்திலுள்ள வீடு. தளங்களை எண்ணும்போதும் கவனம் தேவை, ஏனெனில் நாம் தரைத்தளம் என்பதை அவர்கள் முதல் தளம் என்பார்கள்.

தட்டையான வரைபடத்தோடு நின்றுவிடுவது பெரும்பாலான வாசகர்கள் செய்யும் பிழை என்பது என் எண்ணம். சியோல் மலைகளுக்கிடையே அமைந்த நகரம் என்பதால், பக்கத்தில் இன்னொரு படமாக உயரத்தையும் வரைய வேண்டும். சன்னல் தெருமட்டத்தில் இருக்கும் பாதி நிலத்தடி வீடு ‘பன்ஜிஹா’. மொட்டைமாடியில் ஒட்டிக் கட்டிய அறை ‘ஒக்தப்பாங்’. நிலவுக்கு அருகே இருப்பதாகச் சொல்லி மலைச்சரிவின் ஏழைக் குடியிருப்புக்கு இட்ட பெயர் ‘தல்தோங்னே’. மொட்டைமாடி அறையில் இருப்பவர் உயரத்தில் இருக்கிறார், ஆனால் வசதியில் அல்ல; கோடையில் வெயிலும் குளிர்காலத்தில் காற்றும் நேரே அவரைத்தான் தாக்கும். ஜூன் இறுதியில் தொடங்கும் ‘ஜாங்மா’ மழையில் முதலில் நீர் புகுவது பன்ஜிஹாவில். ஆகவே தாளின் ஓரத்தில் மாதத்தையும் எழுதிவையுங்கள்; நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட திணை மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

பழைய கதைகளுக்கு இன்றைய கைப்பேசி வரைபடம் போதாது. 1934-இல் பாக் தே-வோன் எழுதிய ‘நாவலாசிரியர் குபோவின் ஒரு நாள்’ இதற்கு நல்ல பயிற்சி. ஜப்பானிய ஆட்சிக்கால கியோங்சோங்கில், அதாவது இன்றைய சியோலில், குபோ வீட்டைவிட்டுக் கிளம்பி, ஓடைக்கரையோரமாகக் குவாங்கியோ பாலத்தை நோக்கி நடந்து, ஜோங்னோ நாற்சந்தியையும் ஹ்வாஷின் பல்பொருள் அங்காடியையும் அடைந்து, டிராம் ஏறுகிறான். அந்த ஓடை சோங்கியேச்சோன். 1950-களின் இறுதியில் மூடத் தொடங்கிய அதை 2005-இல் மீண்டும் திறந்தார்கள். டிராம் 1968-இல் நின்றுவிட்டது. அங்காடி நின்ற இடத்தில் இப்போது ஜோங்னோ டவர் நிற்கிறது. இன்று இருப்பதைப் பென்சிலாலும் அன்று இருந்ததை மையாலும் வரைந்தால், அவன் ஒவ்வொரு முறை திரும்பும் இடமும் தெளிவாகும்.

கற்பனை முகவரிகளைத் தேடிக் களைப்படைய வேண்டாம். 1978-இல் சோ செ-ஹுயி தம் நூலில் ஒரு குள்ளரின் குடும்பத்தை ‘நக்வோன்-கு, ஹேங்போக்-தோங்’ என்ற இடத்தில் குடிவைத்தார். பொருள் சொர்க்க வட்டம், இன்பப் பேட்டை; அங்கே வந்து சேர்வது வீட்டை இடிக்கும் ஆணை. இத்தகைய பெயரைத் தாளின் விளிம்பில், அதன் பொருளோடு எழுதினால் போதும்.

கிம் சுங்-ஓக் 1964-இல் எழுதிய சிறுகதையின் முஜின் நகரமும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் வளர்ந்த சுன்சோன் பக்கத்தைப் பலர் சுட்டுவார்கள். ஆனால் கதையில் அந்த ஊரின் பெயர்பெற்ற விளைபொருள் மூடுபனி. அங்கே தெருக்களை வரையாதீர்கள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அந்தப் பகுதி முழுவதற்கும் மெலிதாக நிழலிட்டுவிடுங்கள்.