உள்ளான் பார்க்கப் போகுமுன் ஓத அட்டவணை

இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையிலுள்ள ஸ்நெட்டிஷாமுக்குப் பறவை பார்க்கப் போவதென்றால், முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள்; கடல் உச்சத்துக்கு ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள். அங்குள்ள வாஷ் விரிகுடாவின் சேற்றுவெளி மிகப் பரந்தது. நீர் வற்றிய வேளையில் நாட் உள்ளான்கள் (Knot எனும் கரைப்பறவைகள்) தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிகள்தான். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கம் ஒதுங்கும். சேறு முழுவதும் மூழ்கினால் ஆயிரக்கணக்கில் எழும்பி, கரைக்குப் பின்னாலுள்ள குட்டைகளில் இறங்கும். விலை கூடிய தொலைநோக்கி வாங்குவதைவிட ஓத நேரம் பார்த்துப் போவது மேல்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களே உகந்தவை. அஷ்டமியை ஒட்டிப் போனால் நீர் அவ்வளவு ஏறாது. ஜூனிலும் பலிக்காது, நாட் உள்ளான்களில் பெரும்பாலானவை அப்போது ஆர்க்டிக்கில் இருக்கும்.