ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்: நேரில் பார்த்தவரின் நினைவைச் சோதிப்பது எப்படி?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்கிற விதமே பார்த்த நினைவைக் கெடுத்துவிட்டால்?

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துத் திரைப்படத் துணுக்குகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்கும் மேல், 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் 31.8. இதே உத்தியை வைத்து, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாமும் ஒரு பரிசோதனை செய்யலாம்.

1. வீடியோ எடுங்கள்

அரை நிமிடம் போதும். ஒருவர் புத்தகக் கட்டோடு நடந்து வருகிறார், எதிரே வருபவர் தோளில் படுகிறார், 5 புத்தகங்கள் விழுகின்றன. இருவருமே மூக்குக்கண்ணாடி அணியக் கூடாது, காரணம் பிறகு. கார் விபத்தைவிட இது நமக்கு வசதி. விழுந்தவை எத்தனை என்று நமக்குத் தெரியும், அதனால் பதில் எவ்வளவு தவறு என்றும் அளக்கலாம். வகுப்பறையில் திடீரென்று திருட்டு நாடகம் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம், யாராவது நிஜமாகவே பயந்துவிடுவார்கள்.

2. கேள்வித்தாள்

உயிரே இதில்தான் இருக்கிறது. இரண்டு வகைத் தாள்கள்:

அ: "இருவரும் வேகமாக மோதிக்கொண்டபோது எத்தனை புத்தகங்கள் விழுந்தன?"

ஆ: "இருவரும் லேசாக உரசிக்கொண்டபோது எத்தனை புத்தகங்கள் விழுந்தன?"

மற்ற எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சட்டை நிறம், கதவு திறந்திருந்ததா என்று ஐந்தாறு சாதாரணக் கேள்விகளுக்கு நடுவே இதை ஒளித்து வையுங்கள். கடைசியில், "மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இல்லாத கண்ணாடியை எத்தனை பேர் 'பார்க்கிறார்கள்' என்று தெரிந்துவிடும். லாஃப்டஸ் இப்படித்தான் இன்னொரு பரிசோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். படத்தில் சில்லே கிடையாது. 'நொறுங்க மோதியபோது' குழுவின் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

3. கணிப்பை முன்னாலேயே எழுதுங்கள்

"அ குழுவின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும்" என்று தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் கணிப்பு இல்லை.

4. ஆட்களைப் பிரியுங்கள்

குழுவுக்கு 20 பேராவது இருக்கட்டும். முன் பெஞ்சுக்கு அ, பின் பெஞ்சுக்கு ஆ என்று பிரிக்காதீர்கள். திரை முன் பெஞ்சுக்குத்தான் நன்றாகத் தெரியும். தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கொடுங்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க முடியாதபடி உட்கார வையுங்கள். என் முதல் முயற்சி இதில்தான் பாழானது: "உனக்கு உரசினதுன்னு போட்டிருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது, அதோடு சரி.

ஆசிரியரிடமும் பங்கேற்பவர்களிடமும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடமும், முன்பே அனுமதி வாங்குங்கள். 'நினைவாற்றல் பற்றிய பரிசோதனை' என்று மட்டும் சொன்னால் போதும். பாதியில் விலக நினைப்பவர் விலகலாம்.

5. நடத்துங்கள்

வீடியோ, அப்புறம் 10 நிமிடம் கணக்குப் புதிர், அப்புறம் கேள்வித்தாள். பேச்சு கூடாது. முதலில் மூன்று பேரிடம் ஒத்திகை பாருங்கள், குழப்பமான கேள்வி உடனே தெரிந்துவிடும்.

6. கணக்கு

இரு குழுக்களின் சராசரியை எடுத்து வித்தியாசத்தைக் குறியுங்கள். அது தற்செயலா? 40 பதில்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்து, 20-20 ஆகப் பிரித்து, மறுபடி வித்தியாசம் பாருங்கள். இப்படி 100 முறை. உங்கள் வித்தியாசத்துக்குச் சமமாகவோ மேலாகவோ ஐந்து முறைக்குள் மட்டுமே வந்தால், தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். அடிக்கடி வந்தால் 'வேறுபாடு தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் நடுவர் நல்ல நடுவர் இல்லை.

முடிந்ததும் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லி வீடியோவை மறுபடி போடுங்கள். கண்ணாடி விழுந்தது என்று அப்போதும் யாராவது அடித்துச் சொன்னால், அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.