பழைய மியாட்டாவுக்குப் புது இன்ஜின் போடலாமா? கழற்றுவதற்கு முன்னால் ஒரு கணக்கு

என் கராஜில் 1991 மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்று நிற்கிறது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, சாக்ரமெண்டோவிலிருந்து டானர் கணவாய் ஏறிக்கொண்டிருந்தபோது பிள்ளைகுட்டிகளோடு போன ஒரு வேன் என்னைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. பின்சீட்டுக் குழந்தை டாட்டா வேறு காட்டியது. அன்று ராத்திரியே ஹோண்டா இன்ஜின் என்ன விலை என்று தேட உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, வாங்கவில்லை. அப்புறம் ஒன்றரை வருடம் யோசித்து, அளந்து, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஜினை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் இதில் வராது, ஸ்பேனர் எடுப்பதற்கு முந்தைய வேலை மட்டும்தான்.

வண்டியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மியாட்டா (எம்எக்ஸ்-5 என்றும் சொல்வார்கள்) 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடிக்கலாம், பின்சக்கர இழுவை. 1.6 லிட்டர் இன்ஜின், 116 ஹார்ஸ்பவர், எடை ஒரு டன்னுக்குள். 1994-இல் 1.8 லிட்டர் வந்தது, 128 ஹார்ஸ்பவர். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதுவே 140 ஆனது. உங்களிடம் இருப்பது வேறு பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் எண்கள்தான் மாறும், வேலையின் வரிசை இதேதான்.

படி 1: குறை என்னவென்று எழுதுங்கள்

"பவர் பத்தவில்லை" என்று எழுதினால் செல்லாது. எந்த ரோட்டில், எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் பத்தவில்லை? ஒரு வாரம் ஓட்டி, ஒவ்வொரு முறை எரிச்சல் வரும்போதும் நிறுத்தி இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது கொஞ்சம் அசடு வழிந்தது. வேன் தாண்டிய அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், மேலே காற்று மெலிந்துவிடுவதால். என் 116 அங்கே 92 பக்கம். போதாததற்கு நான் ஐந்தாவது கியரில் இருந்தேன். இந்த இன்ஜின் தன் முழு பலத்தையும் காட்டுவதே 6,500 ஆர்பிஎம்மில்தான், மூன்றாவதுக்கு இறக்கியிருந்தால் வேனோடு கொஞ்சமாவது மல்லுக்கட்டியிருக்கலாம். ஆக குற்றத்தில் ஒரு பங்கு இன்ஜினுக்கு, ஒரு பங்கு மலைக்கு, ஒரு பங்கு எனக்கு.

குறை வளைவுகளில்தான், நேர் ரோட்டில் இல்லை என்று உங்கள் குறிப்பு சொன்னால் இன்ஜின் பேச்சையே விடுங்கள். டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் பேடு மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

படி 2: இருக்கிற இன்ஜின் முழுசாக வேலை செய்கிறதா?

இதுதான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிற படி, அதனால்தான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முப்பது வருடம் ஓடிய இன்ஜினின் இன்றைய இழுவையை வைத்துக்கொண்டு "1.6 இவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதுகிறோம். அது கம்பெனி கொடுத்த 1.6 இல்லை, தேய்ந்த 1.6.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது) செய்யுங்கள். மீட்டர் பெரிய விலை இல்லை, பல உதிரிபாகக் கடைகளில் இரவலாகவும் தருவார்கள். இன்ஜினைச் சூடாக்கி அணையுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே அடியாக நின்றுவிடும், தனித்தனியாக எதையும் துண்டிக்க வேண்டியதில்லை. பிளக் இருந்த துளையில் மீட்டரை மாட்டி, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற, ஐந்தாறு முறை அழுத்தம் ஏறி முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இதேபோல. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 10, 15 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

என் வண்டியில் மூன்று சிலிண்டர் 180 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாவது மட்டும் 140. ஆயில் விட்டும் ஏறவில்லை. "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று சத்தியம் செய்து விற்றவரை நினைத்துக்கொண்டேன். ஹெட்டைக் கழற்றி வால்வு சீட்டிங் செய்து மாட்டியபோது, அதே வண்டியா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு இழுத்தது. புது இன்ஜின் செலவில் ஒரு சிறு துண்டுதான் ஆனது.

கூடவே இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) பாருங்கள். கம்பெனி அளவு 10 டிகிரி. 14 வரை முன்னே தள்ளி ஓட்டுபவர்கள் உண்டு, கீழ் ஆர்பிஎம்மில் வித்தியாசம் தெரியும் என்பார்கள், ஆனால் கலிபோர்னியாவில் இந்த வயது வண்டிக்குப் புகைப் பரிசோதனையில் டைமிங்கையும் பார்ப்பார்கள், நான் 10-லேயே விட்டிருக்கிறேன். ஆக்சிஜன் சென்சார், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இரண்டும் சத்தமில்லாமல் பவரைத் தின்பவை.

1991 பாதி வரை வந்த 1.6 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அந்த வண்டிகளின் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) முனை குட்டை. முன்பக்கப் பெரிய போல்ட்டை ஒருமுறை சரியாக முறுக்காமல் விட்டாலும் புல்லியைத் தண்டோடு பூட்டி வைக்கும் சாவிப் பள்ளம் மெல்ல மெல்லத் தேய்ந்து டைமிங் நகர ஆரம்பிக்கும். கிராங்க் புல்லியின் நடுவில் நான்கு வெட்டு தெரிந்தால் குட்டை, எட்டு தெரிந்தால் நெட்டை. குட்டையாகவும் இருந்து ஆட்டமும் கொடுத்துவிட்டால், சரி, உங்களுக்கு இன்ஜின் மாற்ற நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

படி 3: கூடு தாங்குமா?

ஜாக்கியில் ஏற்றி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில், முக்கியமாகப் பின்சக்கரத்துக்கு முன்னால், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். டங் என்றால் தகடு, பொத் என்றால் துரு. துரு என்றால் இன்ஜின் காசு டிங்கரிங்குக்குப் போகட்டும். அப்புறம் 1.6 வண்டிகளின் டிஃபரன்ஷியல் (இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சின்னது. 1994 முதல் வந்த 1.8-இன் டிஃபரன்ஷியல் நல்ல பலம், பழைய வண்டியில் மாட்டவும் முடியும். இதில் ஒரு வேடிக்கை: பழையதன் விகிதம் 4.30, 1994 முதல் 1997 வரை வந்ததன் விகிதம் 4.10. பலமானதை மாட்டினால் வண்டி ஒவ்வொரு கியரிலும் ஏறக்குறைய 5 சதவீதம் இழுவையை இழக்கும். பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றியவர்கள் வண்டி மந்தமாகிவிட்டது என்று புலம்புவது இதனால்தான்.

படி 4: சட்டம்

இன்ஜினைத் தேர்ந்தெடுத்த பிறகு சட்டத்தைப் பார்ப்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதை. கலிபோர்னியாவில் 1976 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை உண்டு. இன்ஜின் மாற்றிய வண்டி, சாதாரண நிலையத்துக்குப் போகாமல் முதலில் ரெஃப்ரி எனப்படும் தனி ஆய்வாளரிடம் போக வேண்டும். புது இன்ஜின் வண்டியின் அதே வருடத்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். கார் வண்டிக்கு லாரி இன்ஜின் கூடாது. இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் கூடவே வர வேண்டும், 1996 முதல் வந்த இன்ஜின் என்றால் கம்ப்யூட்டர் பரிசோதனை பிளக்கும் செக் இன்ஜின் விளக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். வெளியார் செய்த பாகங்களுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். தேறினால் வண்டியில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள், அதற்குப் பிறகு எந்த நிலையத்திலும் சோதிக்கலாம்.

இதையெல்லாம் படித்த பிறகு என் பட்டியல் தானாகவே பாதியாகக் குறைந்தது. பிரிட்டனில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே இன்ஜினை மாற்றியதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். இந்தியாவில் யாராவது இதைப் படித்து ஆசைப்பட்டால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முதலில் படியுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி எதையும் மாற்றக்கூடாது என்கிறது.

படி 5: எந்த இன்ஜின்?

சுலபமானதிலிருந்து போவோம். சொந்தக் குடும்பத்து 1.8: 1.6-இன் கியர்பாக்ஸிலேயே உட்காரும். 1994, 95 வண்டியிலிருந்து எடுத்தால் வயரிங் தலைவலி குறைவு, ஆனால் அதன் காற்று அளவி வேறு வகை, கம்ப்யூட்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். 2001 முதல் வந்த 1.8-இல் வால்வு டைமிங்கை மாற்றும் ஏற்பாடு உண்டு, அதை ஆட்டுவிக்கப் பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அடுத்தது எல்லாரும் கனவு காணும் ஹோண்டா கே24. 2004 அக்யூரா டிஎஸ்எக்ஸில் வந்த வடிவம் 200 ஹார்ஸ்பவர். அலுமினிய பிளாக், இரும்பு பிளாக் மியாட்டா இன்ஜினோடு ஒப்பிட்டால் எடை ஏறாது. பழைய ஹோண்டா நான்கு சிலிண்டர்கள் மற்ற இன்ஜின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும், கே வரிசையில் அதை மாற்றினார்கள், அதனால்தான் இது பின்சக்கர வண்டிகளுக்குள் நுழைய முடிந்தது. ஆனால் கியர்பாக்ஸ் அடாப்டர், மவுண்ட், ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாமே புதிது.

கடைசியில் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். 1997 கார்வெட்டில் 345 ஹார்ஸ்பவரோடு வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 உள்ளே போகிறது, போட்டு ஓட்டுகிறார்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், அச்சு, ரேடியேட்டர் அத்தனையும் மாறும். முதல் வண்டியில் இதைச் செய்யாதீர்கள், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு சின்ன வகுத்தல்: ஹார்ஸ்பவரை டன் கணக்கு எடையால் வகுங்கள். என் வண்டிக்கு ஏறக்குறைய 120, கே24 போட்டால் 200-ஐத் தொடும். 200 என்பது பயந்துகொண்டே ஓட்டுகிற அளவு, 120-க்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு வேண்டும் என்று உங்கள் படி 1 குறிப்பு சொல்லும்.

படி 6: சில்லறைச் செலவை எழுதுங்கள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்ஜின் இங்கே சுண்டைக்காய். என் தாளில் 41 வரி வந்தது, இன்ஜின் அதில் ஒரு வரி. ஹோஸ், கிளாம்ப், கிளட்ச் (1.8-க்குப் பெரிய தட்டு), ஃப்ளைவீல், கூலண்ட், பெல்ட், ஆக்சிலரேட்டர் கேபிள், ஏசி குழாய், பவர் ஸ்டீயரிங் குழாய், டாக்கோமீட்டர் சிக்னல், இரவல் வாங்கிய, இன்ஜினைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டைத் திருப்பிக் கொண்டுபோக வாடகை வண்டி. எழுதி முடித்து மொத்தத்தோடு பாதியைக் கூட்டுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் தொடங்க வேண்டாம், இன்ஜின் இல்லாமல் டப்பாக்களோடு சேர்த்து விற்கப்படும் மியாட்டாக்களை விளம்பரங்களில் பாருங்கள், ஓடுகிற வண்டியின் விலையில் எவ்வளவுக்குப் போகிறது என்று தெரியும்.

நாட்களையும் இப்படியே எழுதுங்கள். "நாலு வீக்எண்ட் வேலை" என்று நான் எழுதியிருந்தேன், வீட்டில் சிரித்தார்கள். ஏழு மாதம் ஆனது. அவ்வளவு நாளும் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா, கராஜ் உங்களுடையதா வாடகையா என்பதும் கணக்கில் சேர்த்திதான். இன்ஷூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 7: சரி என்றால் வாங்கும் வரிசை

நான் கடைசியில் 1995 வண்டியின் 1.8-ஐத் தேர்ந்தெடுத்தேன், 1.8 டிஃபரன்ஷியலோடு. கே24 ஆசை இன்னும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் என் நோட்டில் இருந்த குறைகளுக்கு அது தேவைப்படவில்லை, அதை வைத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் நிற்கவும் தெம்பில்லை.

முடிந்தால் இன்ஜினை மட்டும் வாங்காமல் அடிபட்ட முழு வண்டியை வாங்குங்கள். வயரை வெட்டாமல் எடுக்கலாம், எந்த பிராக்கெட் எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டே மாட்டலாம், மிச்சத்தை விற்றுக் கொஞ்சம் காசு திரும்பும். வாங்குவதற்கு முன் அதற்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள், உள்ளே போன பிறகு அதே வேலைக்கு நாலு மடங்கு நேரம்.

பழைய இன்ஜினை விற்க ஆள் வருவார்கள், இடத்தை அடைக்கிறதே என்று வீட்டிலும் சொல்வார்கள். தார்ப்பாய் போட்டு மூடி ஓரமாக வையுங்கள். ரெஃப்ரி சீட்டு ஒட்டி, இரண்டாயிரம் மைலாவது ஓடின பிறகு விற்றுக்கொள்ளலாம்.