பேட் செக்டார் விழுந்த டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள்

டேட்டா ரெக்கவரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேக்கப் எடுங்கள், டிஸ்கைக் கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் ‘ரிப்பேர்’ செய்வது

இன்றும் எனக்கு ஆத்திரம் வரவைப்பது இதுதான். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கோடு வந்தார். ஃபோல்டர் திறக்க நேரமாகிறது என்று தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்திருக்கிறார். அவன் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை, பேட் செக்டார்களையும் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்களில் கெட்டுப்போனவை) தேடும் ஸ்லாஷ் ஆர் கட்டளையோடு ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறான். காலையில் ஃபோல்டர்கள் சட்டென்று திறந்தன, உள்ளே பாதிப் படங்கள் இல்லை. நாங்கள் தேடி எடுத்தவை பெயரும் தேதியும் இல்லாத ஜேபெக்குகள். துண்டு துண்டாகப் பதிவாகியிருந்த பெரிய வீடியோக்கள் தேறவே இல்லை.

செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, முரணில்லாமல் ஆக்குவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. படிக்க முடியாத பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டுக் கூட்டலைச் சரிக்கட்டும் கணக்குப்பிள்ளை அது. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் வழக்கமாக 1 கேபி பதிவு ஒன்று உண்டு. 4096 பைட் செக்டார் ஒன்று அங்கே கெட்டால் நான்கு பதிவுகள் போகும். அதற்கு மாற்றுப்பிரதி என்று இருப்பது முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே. படிக்க முடியாத பதிவைக் கெட்டுப்போனது என்று முடிவுகட்டி செக்டிஸ்க் அழித்துவிடும். ஃபோல்டரை இழந்த ஃபைல்களை ஃபவுண்ட்.000 என்ற இடத்தில் கொட்டிவைக்கும். போதாததற்கு ஸ்லாஷ் ஆர், காலி இடம் உட்பட டிஸ்க் முழுவதையும் படிக்கவைத்து, தள்ளாடும் ஹெட்டை (டிஸ்கைப் படிக்கும் முனை) இன்னும் வதைக்கும்.

இன்னொன்று: படிக்க முடியாமல் டிஸ்க் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் பெண்டிங் செக்டாரைத் திரும்பத் திரும்பப் படித்தால் சில சமயம் கிடைத்துவிடும். அதன்மேல் எதையாவது எழுதிவிட்டால் பழையது போனது போனதுதான்.

ஆகவே முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 05 (கெட்டதற்குப் பதில் மாற்றிவைத்த செக்டார்கள்), சி5 (பெண்டிங் செக்டார்கள்), சி6 (திருத்த முடியாதவை) மூன்றில் எதிலாவது ரா மதிப்பு, அதாவது நேரடி எண்ணிக்கை, பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம். லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்து, குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி மூலம் வேறொரு நல்ல டிஸ்கில் இமேஜ் (டிஸ்கின் அச்சு அசலான நகல்) எடுங்கள். அது சுலபமாகக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். செக்டிஸ்க் ஓட்டியே ஆக வேண்டுமானால் அந்த இமேஜின் நகல்மேல் ஓட்டுங்கள்.

மேப் ஃபைல் இல்லாமல் இமேஜ் எடுப்பது

எதுவரை படித்தாயிற்று என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைப்பதுதான் மேப் ஃபைல். அது இல்லாமல் நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டத்தைச் சில டிஸ்குகள் தாங்குவதில்லை.

மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுப்பது

இமேஜ் எடுக்கும்போது இரண்டும் இடம் மாறினால் அசல் அழிந்துவிடும். சீரியல் நம்பரைப் பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள்.

பூட் ஆகும்போது தானாக ஓடும் செக்டிஸ்க்கை விட்டுவிடுவது

கவுண்ட்டவுன் முடிவதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்.

டிக் டிக் சத்தம் வந்தும் தொடர்வது

பவரை எடுங்கள். அதற்குமேல் டிஸ்கைத் திறக்கத் தூசியில்லாத க்ளீன் ரூம் உள்ளவர்கள் வேலை.

ஃபார்மேட் செய்தபின் ‘சரியாகிவிட்டது’ என்று நம்புவது

ஃபுல் ஃபார்மேட்டுக்குப் பின் சி5 பூஜ்யமாகலாம். உடனே 05-ஐயும் பாருங்கள். அது ஏறியிருந்தால் அந்த டிஸ்கில் எதையும் வைக்காதீர்கள்.