சாம்பிராணியில் நாம் செய்கிற தவறுகள்

நாட்டு மருந்துக் கடையில் "சாம்பிராணி நூறு கிராம்" என்று கேட்டு, கட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம் மூன்றும் பிசின்தான். ஆனால் மரம் வேறு, மணம் வேறு.

போன மாதம் நான் வாங்கிய கட்டியை அம்மிக் குழவியால் தட்டினேன். கண்ணாடிச் சில்லு மாதிரி தெறித்தது. முகர்ந்தால் வாசனையே இல்லை. கங்கில் போட்டதும் கண்ணைக் கரித்தது. அது குங்கிலியம். குங்கிலியம் மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார், மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கித் தூபமிட்டது அதைத்தானே! ஆனால் சாம்பிராணி என்று சொல்லி அதைக் கொடுத்தால் வாங்கக்கூடாது.

நல்ல சாம்பிராணியை உடைத்தால் பழுப்புப் பிசினுக்கு நடுவே பாதாம் பருப்பு போல வெள்ளைத் துண்டுகள் புதைந்திருக்கும். நெருப்பே காட்டாமல் முகர்ந்தாலும் மெல்லிய இனிப்பு வாசம் வரும்.

இதை நம் ஊர் மரத்துப் பிசின் என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஸ்டைராக்ஸ் என்ற மரம் இது. சுமத்ராவில் தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் ஒரு வகை, லாவோஸில் இன்னொரு வகை. பட்டையைக் கீறினால் அந்தக் காயத்தில் மரம் சுரக்கிற பால்தான் மாதக்கணக்கில் இறுகிச் சாம்பிராணி ஆகிறது. சுமத்ராவின் பழைய துறைமுகமான பாரூஸில், ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு 1088-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழைய உறவு.

சரி, போடும் முறைக்கு வருவோம். கரியில் தழல் ஆடும்போதே பொடியைக் கொட்டினால் குப்பென்று பற்றிக் கரும்புகைதான் வரும், மணம் கருகிவிடும். கொட்டாங்குச்சிக் கரி மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். அப்புறம் ஒரு சிட்டிகை போதும். பிசின் உருகிக் குமிழியிட்டு, வெள்ளைப் புகை நிதானமாக எழும்.

குளிப்பாட்டிய கைக்குழந்தையின் தலைக்குப் புகை காட்டும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிஞ்சு நுரையீரல் அதைத் தாங்காது. மெல்லிய துண்டால் துவட்டினாலே ஈரம் போய்விடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையிலும் வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூபக்காலைப் படுக்கையறையில் வைத்துத் தூங்குவது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரையே எடுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துப் புகை போடுங்கள். படுக்கும் முன் கங்கை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள்.

மொத்தமாகப் பொடித்தும் வைக்காதீர்கள். கோடையில் இளகி ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். கட்டியாகவே மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அடுப்புப் பக்கம் இல்லாமல் வைத்து, வேண்டும்போது கொஞ்சம் தட்டிக்கொள்ளுங்கள்.