ஐஸும் ஒத்தடமும்: அடிபட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அடிபட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிற வேலை என்னுடையது. ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். ஐஸைத் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மரத்துப்போனதைக் குணமானதாக நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கணுக்கால் பிசகும், 15 நிமிடம் ஐஸ் வைப்பார்கள், வலி அடங்கிவிடும். "இப்போ பரவாயில்லை" என்று மறுபடி இறங்கிவிடுவார்கள்.

ஐஸ் எந்த ஜவ்வையும் ஒட்டவைப்பதில்லை. நரம்பு வலியைக் கடத்தும் வேகத்தைத்தான் குறைக்கிறது. கூடவே, கால் எப்படி ஊன்றுகிறது என்ற உணர்வும் மங்கலாம், குளிர்ந்த தசையின் விசையும் குறையும். ஏற்கெனவே அடிபட்ட காலோடு ஓடுகிறவருக்கு இதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்?

நான் அப்படித்தான் ஓடினேன். கால்பந்து ஆட்டத்தில் இடைவேளைக்குச் சற்று முன்பு கால் மடங்கியது. ஐஸ் வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானே கேட்டு இறங்கினேன். 10 நிமிடத்தில் அதே கால் திரும்ப மடங்கியது. முதலில் லேசாக இழுபட்டிருந்த ஜவ்வு இந்தத் தடவை கிழிந்துவிட்டது. அந்த சீசனில் அப்புறம் நான் ஆடவே இல்லை.

அதனால் ஐஸ் வைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். நான்கு அடி ஊன்றி நடக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நடக்க முடியாவிட்டாலும் சரி, எலும்பில் வலித்தாலும் சரி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்கால் அடிக்கு எக்ஸ்ரே தேவையா என்று மருத்துவர்கள் முடிவு செய்ய உதவும், 1992-இல் வந்த ஒட்டாவா விதிகளின் சாரம் இதுதான். இரண்டும் இல்லையென்றாலும் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம்.

புது வீக்கத்தில் சூடு

சூடு ரத்தக்குழாயை விரிக்கும், வீக்கம் ஏறும். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். வீக்கம் வடிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது ஒத்தடம் நன்றாக உதவும்.

நாள் கணக்கில் ஐஸ்

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது ஆகிய நான்கையும், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்' (RICE) என்று 1978-இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் அவரே எழுதினார். முதல் சில மணி நேரம், வலிக்காக, ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும்.

தைலம் தடவிய இடத்தில் ஹீட்டிங் பேட்

கூடவே கூடாது. தோல் வெந்துவிடும்.

முழங்காலின் வெளிப்பக்கம் ஐஸை இறுக்கிக் கட்டுவது

அங்கே சற்றுக் கீழே குமிழ் போன்ற எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம்.

சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள்

மருத்துவரைக் கேட்காமல் ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம்.