அடினோமா ஏன் தப்புகிறது? புதிதாக ஸ்கோப் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு இளம் மருத்துவர் ஸ்கோப்பை, அதாவது கேமரா பொருத்திய குழாயை, பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை கொண்டுபோனதும் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் நிமிர்வேன். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோப்பிக்கு (முன்கூட்டியே பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு) வந்து படுத்திருப்பது, ஸ்கோப் திரும்பி வரும் வழியில் நாம் கண்டுபிடிக்க வேண்டிய அடினோமாவுக்காக. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய கட்டி அது.

ஸ்கிரீனிங்குக்கு வந்த நூறு பேரில் எத்தனை பேரிடம் குறைந்தது ஒரு அடினோமாவாவது கண்டுபிடித்தோம் என்பதே அடினோமா கண்டறியும் விகிதம், சுருக்கமாக ஏடிஆர். 2014-ல் அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் அதிகமான பரிசோதனைகளை அலசிய ஆய்வொன்று வந்தது. மருத்துவரின் ஏடிஆர் 1 புள்ளி கூடினால், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் குடல் புற்று வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைகிறது என்றது அது.

காற்றை அளவாக ஊது, குழாய் உள்ளே வளைந்து லூப் விழுந்தால் தள்ளாதே என்பதெல்லாம் முதல் மாதமே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண் சொன்னதைக் கணக்கில் எழுதுவது

பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் எந்தச் சதைத் திரட்சியும்) வேறு, அடினோமா வேறு. மலக்குடலில் பெரும்பாலும் ஆபத்தில்லாத ஹைபர்பிளாஸ்டிக் வகைப் பாலிப் நாலைந்தை எடுத்துவிட்டு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயாப்சி ரிப்போர்ட் அடினோமா என்று சொன்ன பிறகே நோட்டில் குறிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ரிப்போர்ட் பல நாள் கழித்து வரும். வந்ததும் நோயாளியின் ஃபைலுக்குள் போய்விடும், நம் நோட்டுக்கு வராது. எங்கள் சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் 'ரிப்போர்ட் பாக்கி' என்று சிவப்பு மையில் எழுதத் தொடங்கிய பிறகுதான் எங்கள் கணக்கு கணக்கானது.

மலத்தில் ரத்தம் இருப்பது தெரிந்து வந்தவர்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அவர்களிடம் அடினோமா கூடுதலாகவே இருக்கும். ஸ்கிரீனிங்கோடு சேர்த்துக் கூட்டினால் எண் பொய்யாக உயரும்.

அழுக்குக் குடலுக்கு 'நார்மல்' எழுதுவது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏறுகுடல் (பெருங்குடலின் வலப்பக்கப் பகுதி) முழுக்கப் பழுப்புப் படலம். எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். 'ஓரளவு சுத்தம், பெருங்குடல் நார்மல், 10 வருடம் கழித்து வரவும்' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்.

நான் எழுதியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி அவர். ஒன்றரை வருடத்தில் ரத்தசோகை வந்து, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, வேறொரு மருத்துவரிடம் போனார். ஏறுகுடலில் புற்று. நான் கையெழுத்துப் போட்ட பழைய ரிப்போர்ட்டை அவர் மகன் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "நீங்கதானே சார் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அதனால்தான் "பேஷன்ட் ஒழுங்கா குடிக்கலை சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நாம் ஒழுங்காகச் சொன்னோமா? "முதல் நாள் நீராகாரம் மட்டும்" என்று சீட்டில் அச்சடித்திருந்தோம். நம் ஊரில் நீராகாரம் என்றால் பழைய சோற்றுத் தண்ணி. ஒரு அம்மா சோற்றோடு கரைத்துக் குடித்துவிட்டு வந்தார். இன்னொருவர் திரவம்தானே என்று பருத்திப்பால் குடித்திருந்தார். வேறொருவர் கம்பங்கூழ். மூன்று பேருமே நாம் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள்.

இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்: "கண்ணாடி டம்ளர்ல ஊத்துனா அந்தப் பக்கம் வெரல் தெரியணும்." இளநீர் சரி, பால் விடாத டீ சரி, வடிகட்டிய ரசத் தெளிவு சரி. சிவப்புச் சாயம் போட்ட சர்பத் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். கீரை, கொய்யா, விதையுள்ள காய்களை முன்கூட்டியே நிறுத்தச் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே.

அடுத்தது நேரம். பேதி மருந்து முழுவதையும் முதல் நாள் மாலையே குடித்து முடித்தால், இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தநீர் கலந்து இறங்கும் கசடு வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். தட்டையான, சளி போர்த்திய கட்டிகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அதே இடத்தில்தான். அதனால் பாதி மாலையில், மீதி காலையில். காலைப் பங்கைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, 2 மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும்.

சொல்வது எளிது. விடிகாலை பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர் வழியில் எங்கே ஒதுங்குவார்? குறிப்பாகப் பெண்கள். அவர்கள் காலைப் பங்கைக் குடிக்காமல் வருவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் நேரம் கொடுங்கள். காலைப் பங்கை மருத்துவமனைக்கு வந்து குடிக்கட்டும், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் ஒதுக்குங்கள். எங்கள் ஏடிஆர் உயர்ந்ததற்குப் புது ஸ்கோப்பைவிட அந்தக் கட்டில் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

சுத்தத்துக்குப் பாஸ்டன் அளவுகோல்படி மதிப்பெண் போடும்போதும் கவனம். வலம், நடு, இடம் என மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3 வரை; 3 என்றால் முழுச் சுத்தம். வலத்துக்கு 1, மற்ற இரண்டுக்கும் 3 போட்டால் கூட்டுத்தொகை 7. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதியும் 2-ஐத் தொட வேண்டும். தொடவில்லையா, 'போதிய சுத்தமில்லை' என்று எழுதி, ஒரு வருடத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். ஏன் என்று குடும்பத்தாரையும் உட்காரவைத்து விளக்குங்கள்.

நாற்பது பேரை வைத்துச் சதவீதம் போடுவது

40-ல் 10 என்றால் 25 சதவீதம். உண்மையான அளவு 13 ஆகவும் இருக்கலாம், 41 ஆகவும் இருக்கலாம். நூறு இருநூறு சேரட்டும்.

நிமிடத்தை நிரப்புவது

ஸ்கோப்பை வெளியே எடுக்கும் நேரம் குறைந்தது 6 நிமிடம் என்று இருந்ததை, 2024-ல் அமெரிக்க வழிகாட்டுதல் சராசரி 8 என்று உயர்த்தியது. அந்த நிமிடங்களைக் கடைசியில், மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டில் நின்று கழிக்காதீர்கள். ஏறுகுடலை இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் பாருங்கள்.

ஒன்று கிடைத்ததும் கண் தளர்வது

ஏடிஆருக்கு ஒன்று போதும். நோயாளிக்குப் போதாது. ஆளுக்குச் சராசரி எத்தனை அடினோமா என்றும் கணக்கு வையுங்கள்.

ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கேமரா படத்தில் கட்டியைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் அது. திரையில் வந்ததைத்தான் காட்டும்.

மேல்நாட்டு எண்ணைச் சாக்காக்குவது

அமெரிக்க வழிகாட்டுதல் இப்போது 45 வயதுக்கு மேற்பட்டோரிடம் 35 சதவீதம் கேட்கிறது. இந்தியாவில் குடல் புற்று அவர்களைவிடக் குறைவு, ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அறையில், அதே ஸ்கோப்பில், அதே ஊர்க்காரர்களிடம் பக்கத்து மருத்துவருக்கு 22 வந்து உங்களுக்கு 9 வருகிறது என்றால், ஒரு நாள் அவர் ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். எந்த மடிப்பில் அவர் நிற்கிறார், நீங்கள் எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்பது அங்கேயே தெரியும்.